வ. உ. சிதம்பரம்பிள்ளை அவர்கள் சரிதம்

திருக்கோணமலைக் கோட்டை வாயிலைக் கடந்து கோணேசப் பெருமானைத் தரிசிக்கச் செல்வோர், வழிபாடு முடிந்தபின் மலையுச்சியிலே சிறிது நேரம் நின்று கடலை நோக்காமல் திரும்புவதில்லை. ஒருபுறத்தே எல்லையற்ற வங்கக்கடல். மற்றொருபுறத்தே, உலகத்து இயற்கைத் துறைமுகங்களுள் மிகச் சிறந்தவற்றுள் ஒன்றெனப் பெயர்பெற்ற உட்டுறை. இத்துறையின் பொருட்டு நம் ஊர் பட்ட துன்பம் கொஞ்சமன்று. பறங்கியர் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே திருக்கோயிலை இடித்து அதன் கல்லைக்கொண்டே கோட்டை எழுப்பினர். பின்னர் ஒல்லாந்தரும் பிராஞ்சியரும் ஆங்கிலேயரும் இதனை மாறி மாறிக் கைப்பற்றினர். 1795ஆம் ஆண்டிலே இங்கு வந்தமர்ந்த ஆங்கிலேயரின் கடற்படை, இலங்கை விடுதலை பெற்றபின்னரும் 1957ஆம் ஆண்டுவரை இவ்விடத்தைவிட்டு அகன்றதில்லை. எம் பாட்டனார் அக்கடற்படைத் துறையிலே கணக்கெழுதிப் பிழைத்தவர். கப்பல் என்பது வெள்ளையருடைய பொருள், நமக்குரியது தோணியே என்பது அவர் தலைமுறையாருக்கு மெய்ம்மைபோலவே இருந்தது.

அவ்வெண்ணத்தைப் பொய்யாக்க முயன்ற ஒரு சைவத் தமிழரின் சரித்திரத்தை யாம் பல ஆண்டுகளாக மாணவருக்குக் கற்பித்து வந்துள்ளோம். வ. உ. சிதம்பரம்பிள்ளை கப்பல் ஓட்டினார், சிறையிலே செக்கிழுத்தார் என்று சொல்லி முடிப்பதே எம் வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, அவர் சிறைக்குப் போனபின் அந்தக் கப்பல்களை யார் ஓட்டினார்கள் என்று வினவினான். எமக்கு விடை தெரியவில்லை. நாளைக்குச் சொல்வோம் என்று கூறி அமர்ந்தோம். அந்த வினாவின் பயனாக யாம் கற்றறிந்தவற்றையே சைவப் பாடசாலை ஆசிரியர்களாகிய அன்பர்களுக்கு ஈண்டு எழுதுகின்றோம்.

பாண்டிநாட்டின் தென்கோடியிலே, வீரபாண்டியக் கட்டபொம்மனுடைய பாஞ்சாலங்குறிச்சிக்கு அயலதாகிய ஒட்டப்பிடாரம் என்னும் ஊரிலே, 1872ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் 5ஆம் நாள், உலகநாதபிள்ளை என்னும் வழக்கறிஞருக்கும் பரமாயி அம்மையாருக்கும் மைந்தராகச் சிதம்பரம்பிள்ளை பிறந்தார். பாட்டியார் மடியிலிருந்து சிவபெருமான் திருவிளையாடல்களையும், பாட்டனாரிடத்திலே இராமகதையையும் கேட்டு வளர்ந்தவர். வீரப்பெருமாள் அண்ணாவி என்பாரிடம் திண்ணையிலே தமிழ் கற்றார். ஆங்கிலக் கல்வியின் பொருட்டு அவர் சென்ற இடங்களோ, தூத்துக்குடியிலே கத்தோலிக்கப் பாதிரிமாரின் சவேரியார் பாடசாலையும், ஆங்கிலத் திருச்சபையாரின் கால்டுவெல் பாடசாலையுமாம். பின்னரே திருநெல்வேலி இந்துக் கலாசாலையிலே பயின்றார்.

ஈண்டு ஒரு வார்த்தை. யாமும் பாதிரிமார் தாபித்த பாடசாலை ஒன்றிலே கற்றவரே. அங்கே கணிதமும் ஆங்கிலமும் காலந்தவறாமையும் பெற்றோம். அந்நன்றியை மறத்தல் எமக்கு அடாது. ஆனால் நெற்றியிலே நீறு தரித்துச் சென்ற நாட்களில், உடன்பயின்றோர் நோக்கிய நோக்கும் எமக்கு இன்னும் நினைவிலுள்ளது. பிறர் கட்டிய வீட்டிலே விருந்தினராய் இருந்து கற்றவனுக்குத் தன் வீடு ஒன்று வேண்டுமென்ற ஏக்கம் எப்படிப்பட்டது என்பது, அப்படி இருந்து கற்றவனுக்கே விளங்கும். சிதம்பரம்பிள்ளை அவர்களுக்குப் பின்னாளிலே தம்மவர் கப்பல் என்னும் எண்ணம் அத்துணை ஆழமாக வேரூன்றியமைக்கு இவ்விளமைக் கல்வியும் ஒரு காரணமாயிருத்தல் கூடும் என்பது எம் துணிபு. அவர் அப்படி எங்கும் எழுதியதாக யாம் கூறவில்லை.

சிலகாலம் தாலுக்காக் கச்சேரியிலே எழுத்தராயிருந்து, பின் திருச்சிராப்பள்ளி சென்று சட்டம் பயின்று, 1894ஆம் ஆண்டிலே வழக்கறிஞர் பரீட்சையிற் சித்தியடைந்து, ஒட்டப்பிடாரத்திலே தொழில் தொடங்கினார். ஏழைகளின் வழக்குகளைப் பொருள் கருதாது எடுத்து நடத்தினமையால், அதிகாரிகள் சிலருக்கு அவர் இனியவராயிருந்திலர். 1900ஆம் ஆண்டளவிலே தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். அடுத்த ஆண்டிலே முதல் மனைவியார் வள்ளியம்மை இறந்தனர். சாதியாற் புறந்தள்ளப்பட்டவரும் கண்ணிழந்தவருமாகிய துறவி ஒருவரைப் பிள்ளையவர்கள் தம் இல்லத்திலே வைத்துப் பேணியபோது, உறவினர் முகஞ்சுளிக்கவும் அவ்வம்மையார் தம் கையாலே அமுதிட்டு உபசரித்தார் என்பர். சைவம் பேசுவோர் பலர். சாதி பாராது அடியாரை அகத்தில் ஏற்றோர் சிலரே என்பது அன்றைக்கும் உண்மை. பின்னர் மீனாட்சியம்மையாரை மணந்து இல்லறம் நடத்தினார்.

1905ஆம் ஆண்டிலே கர்சன் பிரபு வங்காள மாகாணத்தை இரண்டாகப் பிரித்தார். அதனால் எழுந்த சுதேசிக் கிளர்ச்சி தென்னாட்டையும் பற்றியது. அக்காலத்தே சென்னைக்குச் சென்ற பிள்ளையவர்கள், இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்த சுவாமி இராமகிருஷ்ணானந்தரைக் கண்டு உரையாடினார். தேசத்துக்கு ஏதேனும் செய்யவேண்டுமென்னும் வித்து அங்கே ஊன்றப்பட்டது. விபுலாநந்த அடிகள் நம் திருக்கோணமலையிலே பாடசாலைகளை நடத்தியதும் அந்த இராமகிருஷ்ண இயக்கத்தின் சார்பிலேயே என்பதை ஆசிரியர்கள் அறிவர்.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே அக்காலத்தில் நீராவிக்கப்பல் ஓட்டியவர்கள் பிரித்தானிய இந்திய நீராவிக்கப்பற் கம்பெனியார். நம் மலைநாட்டுத் தோட்டங்களுக்குக் கூலிகளாக வந்த ஏழை மக்களும், கொழும்பிலே கடைவைத்த வணிகரும், அரிசியும், துணியும் எல்லாம் அவர்கள் கப்பலிலே வந்தன. அவர்கள் கேட்டதே கூலி. இதனை மாற்ற எண்ணிப் பிள்ளையவர்கள் தொடக்கத்தில் வேறொரு கம்பெனியாரிடமிருந்து கப்பல்களை வாடகைக்குப் பெற்றார். ஆங்கிலக் கம்பெனியாரின் நெருக்குதலால் அவ்வாடகைக் கப்பல்கள் நிறுத்தப்பட்டன. உடனே கொழும்புக்கு வந்து பெரிய கப்பலொன்றை வாடகைக்கு அமர்த்தித் தொழிலைத் தொடர்ந்தார். சுதேசிக் கப்பலின் கதையிலே நம் இலங்கைக்கும் இவ்வாறு ஓர் இடமுண்டு.

வாடகைக் கப்பலை நம்பிப் பயனில்லை, சொந்தக் கப்பலே வேண்டுமென்று அவர் கண்டார். 1906ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 16ஆம் நாள் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவாயிற்று. மூலதனம் பத்து இலட்சம் ரூபாய். பங்கொன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள். சங்கத் தலைவர், மதுரையிலே நான்காம் தமிழ்ச்சங்கத்தை 1901ஆம் ஆண்டிலே நிறுவிய பாலவநத்தம் சமீன்தார் பாண்டித்துரைத் தேவர். ஹாஜி முகமது பக்கீர் சேட்டு என்னும் இசுலாமியப் பெருவணிகர் ஒருவரே 8,000 பங்குகளுக்கு இரண்டு இலட்சம் ரூபாய் கொடுத்தார். தமிழ் வளர்த்த சமீன்தாரும், சைவ வழக்கறிஞரும், இசுலாமிய வணிகரும் ஒரு பத்திரத்திலே கையொப்பமிட்ட காட்சியை மாணவருக்கு எடுத்துரைத்தல் நன்று. இந்நாட்டிலே, சிறப்பாகப் பல சமயத்தவரும் கலந்து வாழும் எம் மாவட்டத்திலே, அஃது இன்றும் பயன்படும் பாடம்.

கப்பல் வாங்குதற்பொருட்டு அவர் வடநாடு சென்றபோது மூத்த மைந்தன் நோயிற் கிடந்தான், மனைவியார் கருவுற்றிருந்தார். நண்பர்கள் தடுத்தனர். இறைவன் பார்த்துக்கொள்வான் என்று அவர் புறப்பட்டார். கப்பலுடன் திரும்புவது, அன்றேல் கடலில் வீழ்ந்து மாய்வது என்று சூளுரைத்தார் என்பர். 1907ஆம் ஆண்டிலே காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடியை அடைந்தன. ஒவ்வொன்றும் முதல் வகுப்பிலே 42 பேரையும், இரண்டாம் வகுப்பிலே 24 பேரையும், சாதாரண வகுப்பிலே 1,300 பேரையும், 4,000 மூடைச் சரக்கையும் ஏற்றவல்லது.

போட்டி மூண்டது. ஆங்கிலக் கம்பெனியார் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தனர். சுதேசிகள் எட்டணா ஆக்கினர். முடிவிலே வெள்ளையர் இலவசமாகவே ஏற்றிச் செல்வதாகவும், ஏறுவோருக்குக் குடையொன்றும் தருவதாகவும் அறிவித்தனர். சிரிப்புக்கிடமான செய்தி போலத் தோன்றும் இதனுள்ளே கணக்கொன்று உண்டு. பெருமுதலுடைய கம்பெனி ஓராண்டு நட்டத்தைப் பல துறைகளின் இலாபத்தால் ஈடுசெய்துகொள்ளும். 25 ரூபாய்ப் பங்குகளாலே கட்டிய கம்பெனி எத்தனை மாதம் பொறுக்கும்? ஆகவே சுதேசிக் கப்பல் வாழ்வதும் வீழ்வதும், பங்குதாரரும் பயணிகளும் உறுதியாய் நிற்பதையே பொறுத்திருந்தது. தொடக்கத்திலே நின்றார்கள் என்பதும் உண்மையே.

அரசாங்கத்துக்குக் கப்பலினும் அச்சந்தந்தது அவருடைய நாவும், அவருடன் சேர்ந்த சுப்பிரமணிய சிவாவின் நாவுமாம். 1908ஆம் ஆண்டு பெப்ரவரி மாத இறுதியிலே தூத்துக்குடிக் கோரல் நூலாலைத் தொழிலாளர், இவர்கள் தூண்டுதலால் வேலைநிறுத்தம் செய்து, கூலியுயர்வும் ஞாயிறு விடுமுறையும் பெற்றனர். மார்ச்சு மாதம் 12ஆம் நாள் பிள்ளையவர்களும் சிவாவும் சிறைப்படுத்தப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியிலே மக்கள் கொதித்தெழ, துப்பாக்கிச் சூட்டிலே நால்வர் மாண்டனர். ஜூலை மாதம் 7ஆம் நாள் பின்ஹே என்னும் நீதிபதி, அரச நிந்தனைக்கு இருபதாண்டும், சிவாவுக்கு உடந்தையாயிருந்தமைக்கு இருபதாண்டுமாக, இரண்டு ஆயுள் நாடுகடத்தல் தண்டனை விதித்தார். அச்செய்தி கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கியவர், பின் தெளியவேயில்லை. மேல்முறையீட்டிலே தண்டனை ஆறாண்டாகக் குறைந்தது.

கோயம்புத்தூர்ச் சிறையிலே சணல் கிழித்துக் கைத்தோல் உரிந்ததும், மாட்டுக்குப் பதிலாகச் செக்கிலே பூட்டப்பட்டு வெயிலிலே இழுத்ததும் யாவரும் அறிந்தன. அச்செக்கு இன்று சென்னை கிண்டியிலே காந்தி மண்டபத்தில் வைக்கப்பட்டுள்ளது. யாவரும் அறியாத பகுதி வேறு. அச்சிறையிலேயே அவர் தொல்காப்பியம் கற்றார். ஜேம்ஸ் அலன் என்னும் ஆங்கில ஆசிரியரின் நூலை மனம் போல வாழ்வு என்னும் பெயராலே தமிழாக்கினார். தம் சரிதையைச் செய்யுளாக யாத்தார். பின்னர்க் கண்ணனூர்ச் சிறையிலே, உடனிருந்த கைதிகளுக்கு அறநூல் போதித்து, அவர் பொருட்டுத் திருக்குறளின் வழிநின்று மெய்யறம் என்னும் நூலை ஓரடிகளால் இயற்றினார். கரும்பலகையும் வாங்குமின்றிக் கள்வரையும் கொலைஞரையும் மாணாக்கராகக் கொண்டு நடத்திய அந்த வகுப்பை எண்ணும்போதெல்லாம், சுண்ணக்கட்டி வரவில்லையென்று முறையிடும் எமக்கு நாணம் உண்டாகின்றது.

இனி, அப்பையனுடைய வினாவுக்கு வருவோம்.

தலைவர் சிறைபுகுந்தபின் கப்பல்கள் சில காலமே ஓடின. அரசாங்கத்துக்கு அஞ்சிய பங்குதாரர் ஒருபுறம். இலாபம் வாராமை கண்டு சலித்தவர் ஒருபுறம். பிள்ளையவர்களுடைய அரசியலே கம்பெனிக்குக் கேடு என்று முன்னமே முணுமுணுத்த நிருவாகிகள் மற்றொருபுறம். 1911ஆம் ஆண்டளவிலே சங்கம் கலைக்கப்பட்டது. காலியாக் கப்பல், எந்தக் கம்பெனியை எதிர்த்து வாங்கப்பட்டதோ அந்த ஆங்கிலக் கம்பெனிக்கே விற்கப்பட்டது. சிறையிலிருந்தவருக்கு இச்செய்தி எட்டியது. செக்கு அவர் உடலை வருத்தியது. அதனினும் மிக்க துயரம் இதுவென்றே யாம் கருதுகின்றோம். பகைவன் கப்பலை உடைத்திருந்தால் அது போர். நம்மவரே விலைபேசி ஒப்படைத்தமை வேறு.

அந்த வெகுளியிலே சிலர் வேறு வழி சென்றனர். 1911ஆம் ஆண்டு ஜூன் மாதம் 17ஆம் நாள் மணியாச்சிப் புகைவண்டி நிலையத்திலே, திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் என்பவரை வாஞ்சிநாதன் சுட்டுக்கொன்று, தன்னையும் மாய்த்துக்கொண்டான். வாஞ்சியின் செயலைப் போற்றிப் பாடுவோர் பலருளர். வகுப்பறையிலே அதனை எவ்வாறு சொல்வதென்பது, போரினாலே பிள்ளைகளை இழந்த இந்நாட்டு ஆசிரியருக்கு எளிதான காரியமன்று. யாம் நடந்ததை நடந்தவாறே கூறி அப்பாற் செல்வது வழக்கம்.

1912ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 24ஆம் நாள் பிள்ளையவர்கள் விடுதலையடைந்தார். நான்காண்டுகளுக்கு முன் அவர் சொல்லைக் கேட்க ஆயிரக்கணக்கிலே திரண்ட நாட்டிலே, சிறைவாயிலில் நின்று வரவேற்றோர் மிகச் சிலர். வழக்கறிஞர் உரிமை பறிக்கப்பட்டிருந்தது. கைப்பொருள் யாவும் கரைந்திருந்தது. சென்னையிலே எண்ணெயும் மளிகையும் விற்றார், கடை நிலைக்கவில்லை. வணிகம் தெரியாதவர் அல்லர். கடன் கேட்பவருக்கு மறுக்கத் தெரியாதவர். அவ்வறுமைக் காலத்திலே தென்னாபிரிக்காவிலிருந்த தமிழர் அவருக்கெனப் பணம் சேர்த்து அனுப்பினர். அது காந்தியடிகள் வாயிலாக, பல கடிதப் போக்குவரத்துக்குப் பின், 1916ஆம் ஆண்டிலே அவர் கைக்கு வந்தது; 347 ரூபாயும் 12 அணாவும். கரும்புத் தோட்டத்திலும் சுரங்கத்திலும் உழைத்த மக்களிடமிருந்து கடல்கடந்து வந்த உதவி அது. பத்து இலட்சத்துக்குக் கையொப்பமிட்ட நாட்டவரை விட, கண்ணால் அவரைக் காணாத அவர்கள் நினைவுடையராயிருந்தனர்.

பின்னர் வாலேஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் பரிந்துரையால் வழக்கறிஞர் உரிமை மீண்டது. அந்நன்றி மறவாமல், தம் மைந்தருள் ஒருவருக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். ஆங்கிலேயர் ஆட்சியாலே செக்கிழுத்தவர் ஆங்கிலேயர் ஒருவர் பெயரைத் தம் குலத்திலே நாட்டினார். பெயரையும் ஈசுவர நாமமாக முடியச் செய்தமை, அவருடைய சைவத்துக்கும் நகைச்சுவைக்கும் ஒருங்கே சான்று. கோவிற்பட்டியிலே சில ஆண்டுகள் தொழில் செய்து, 1932ஆம் ஆண்டளவிலே தூத்துக்குடிக்கு மீண்டார். அரசியலிலே காந்தியடிகளின் ஒத்துழையாமை முறையோடு அவருக்கு உடன்பாடில்லை. 1920ஆம் ஆண்டிலே காங்கிரசினின்று விலகினார். 1927ஆம் ஆண்டிலே மீண்டு வந்து சேலம் மகாநாட்டிலே தலைமை வகித்தார். அதனை விரிப்பின் பெருகும்.

அக்காலத்திலே அவர் செய்த தமிழ்ப்பணியை ஆசிரியர்கள் சிறிது நின்று நோக்கவேண்டும். திருக்குறளுக்கு மணக்குடவர் செய்த உரையிலே அறத்துப்பாலை 1917ஆம் ஆண்டில் பதிப்பித்தார். பரிமேலழகர் உரையே குறள் என்று எண்ணப்பட்ட காலத்திலே, அதற்கு முற்பட்ட உரையொன்றை மக்கள் கையிற் கொடுத்தவர் அவர். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் இயற்றிய உரையையும் பதிப்பித்தார். கையிலே காசின்றி, அச்சுக்கூலிக்கு நண்பரை வேண்டி, ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கி இவற்றை முடித்தார் என்பதை அறிந்தால், நூலகத்திலே தூசிபடிந்த அப்புத்தகங்களை எடுக்கும் கை சிறிது பணிவோடு எடுக்கும். இறுதியாக 1935ஆம் ஆண்டிலே மெய்கண்டதேவருடைய சிவஞான போதத்துக்கு எளிய உரை எழுதி வெளியிட்டார். வடமொழி நெருக்கமும் தருக்க நெருக்கமும் மிக்க பழைய உரைகளிலே புகமாட்டாத சாதாரண வாசகருக்கு வழிகாட்டுவதே அதன் நோக்கம். அவர் கொண்ட பொருள்கள் எல்லாவற்றையும் எம் சைவ வித்துவான்கள் ஏற்றுக்கொள்வார் என்று யாம் கூறத் துணியோம். யாமும் சில இடங்களிலே மாறுபடுவோம். ஆயினும் கோயிலுக்கும் மடத்துக்கும் புறம்பே, சிறையும் கடையும் நீதிமன்றமும் கண்ட ஒருவர், 63 வயதிலே பன்னிரண்டு சூத்திரங்களை எடுத்துக்கொண்டு அமர்ந்தமை சிறு செய்தியன்று.

அடுத்த வாரத்திலே யாம் வகுப்பிலே விடை கூறினோம். கப்பல் எதிரிக்கு விற்கப்பட்டது என்றதும் பிள்ளைகள் வாயடைத்திருந்தனர். வினவிய பையன் மட்டும் மறுபடியும் எழுந்து, பங்கு வாங்கியவர்களை அவர் கோபித்தாரா என்று கேட்டான். அவர் கோபித்திருக்கலாம், ஆனால் அக்கோபத்தை வைத்துக்கொண்டு இருபத்துநான்கு ஆண்டு வீணாக்கவில்லை என்று சொன்னோம். அப்போது எம் மனத்திலே எழுந்தது வேறொன்று. எம் சுற்றாடலிலே சைவப் பாடசாலை ஒன்றுக்கு மண்டபம் கட்டுவதற்காகப் பெயர் எழுதிக்கொடுத்தோர் பலர். பாதிச் சுவர் எழும்பியபின் பணம் கொடுத்தோர் சிலர். அம்மண்டபம் பல மழைக்காலங்களை ஓடின்றிக் கண்டது. பட்டியலிலே பெயர் எழுதியும் காலத்திலே கொடாதோருள் யாமும் ஒருவராயிருந்தோம். பையனுக்கு அதனைச் சொல்லவில்லை, இங்கே எழுதுகின்றோம்.

1936ஆம் ஆண்டிலே பிள்ளையவர்கள் நோயுற்றார். தாம் காங்கிரசுக் காரியாலயத்திலேயே உயிர்விட வேண்டுமென்று விரும்பினமையால், தூத்துக்குடியிலிருந்த அக்காரியாலயத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். நண்பராகிய பாரதியாரின் பாடல்களைப் பாடச்சொல்லிக் கேட்டார் என்பர். முன்னமே தாம் எழுதிவைத்த உயிலிலே, துணிக்கடைக்கும் எண்ணெய்க்கடைக்கும் தாம் கொடுக்கவேண்டிய சிறு கடன்களையும் குறித்து, அவற்றைத் தீர்க்கும் வழியையும் எழுதியிருந்தார். நவம்பர் மாதம் 18ஆம் நாள் சிவபதமடைந்தார். இந்தியா விடுதலையடையப் பின்னும் பதினோராண்டு இருந்தது. அவர் கப்பல் புறப்பட்ட தூத்துக்குடித் துறைமுகம் 2011ஆம் ஆண்டு முதல் அவர் பெயரால் வழங்குகின்றது.